உடல் பேசக் கூடாது

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வயிற்றில் ஒரு சொல் தங்குவதில்லை. சோறு தங்குகிறது, மாத்திரை தங்குகிறது, அடுத்தவன் சொத்துகூடத் தங்குகிறது. அடுத்தவன் நம்பிச் சொன்ன சொல் மட்டும் போன வேகத்தில் வெளியே வந்துவிடுகிறது. முன்னேயும் அப்படித்தான் இருந்தார்கள் என்று வையுங்கள். ஆனால் முன்னே கோள் சொல்கிறவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிச் சொல்வான். செய்வது தப்பு என்று அவனுக்கே தெரியும். இப்போது மைக் வைத்துச் சொல்கிறான். சொன்னதற்குச் சால்வையும் போட்டுக்கொள்கிறான். கேட்டால் இலக்கியம் என்கிறான்.

வேங்கிக்காலில் மகள் வீட்டோடு இருந்த ஜம்புகுமார் நைனாருக்கு இது தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருக்க வேண்டியவர்தான். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போட்டு, தரகர்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். எடைக்கல்லை நம்ப மாட்டார். மழைச் செய்தியை நம்ப மாட்டார். டாக்டர் சிரித்தால் அந்தச் சிரிப்பையும் நம்ப மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன் உலகத்தில் ஒரே ஒரு ஆளை நம்பினார். அந்த ஆளுக்குக் கதை எழுதும் பழக்கம் உண்டு என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தருக்கு மூலம் இருக்கிறது, ஒருத்தருக்கு இது இருக்கிறது, நமக்கென்ன என்று விட்டுவிட்டார்.

அந்த ஆள் பெயர் இராமலிங்கம். மின்சார ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் காலையில் மலை சுற்றுகிற ரோட்டில் அடி அண்ணாமலை வரைக்கும் நடப்பார்கள், டீ குடிப்பார்கள், ஷேர் ஆட்டோவில் திரும்புவார்கள். பௌர்ணமியன்று மட்டும் போக மாட்டார்கள். அன்றைக்கு நடக்கிறவர்களுக்கு அந்த ரோட்டில் இடம் இருக்காது.

அப்படி ஒரு நாள் அடி அண்ணாமலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் நைனார் வாயைத் திறந்தார். மூன்று வருஷமாக உள்ளே அழுத்திக்கொண்டிருந்த விஷயம். அவர் மனைவி ஜெயமதி செத்த நாளைப் பற்றியது.

நைனார் வீடுகளில் பொழுது சாயும் முன்னே சாப்பிட்டு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இருட்டின பிறகு வாயில் ஒரு பருக்கை போடுவதில்லை. ஜைன மதத்தில் அது பாட்டன் பூட்டன் நாளிலிருந்து வருகிற ஒழுக்கம். ஜம்புகுமார் பிறந்ததிலிருந்து அதை மீறினவர் இல்லை. அன்றைக்கு மீறினார். ஆஸ்பத்திரியில் ஜெயமதி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தெருவிளக்கு போட்ட பிறகு படியிறங்கி வந்து, கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி தின்றார். மறுபடி மேலே போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

மறுநாள் காலையில் சென்னையிலிருந்து மகள் த்ரிசலா வந்து இறங்கினாள். "அப்பா, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று கேட்டாள். நைனார் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது. மிச்சத்தை அவளே செய்துகொண்டாள். அம்மா கை அப்பா கைக்குள்ளே இருந்தது, அப்படியே அடங்கிவிட்டது என்று பதினாறாம் நாளைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள், வேங்கிக்காலுக்கே வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், அப்பனைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கேட்ட இராமலிங்கம் நைனார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நைனாரே, இது என் கட்டையோட போவும்" என்றார்.

கட்டை இன்னும் திடமாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் இராமலிங்கம் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். தென்னகப் புனைகதை ஆய்வு நடுவம் என்று வேங்கிக்காலில் ஒரு அமைப்பு இருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புது வீடுகளுக்கு நடுவில், சொந்தக் கட்டடம். வருஷத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்வார்கள். போன வருஷம் 'புனைகதையில் குடை'. இந்த வருஷம் 'புனைகதையில் மனமும் உடலும் பிரிந்து நிற்றல்'. அதற்குப் போட்டி வைத்ததில் இராமலிங்கம் கதைக்கு முதல் பரிசாம்.

"சனிக்கிழம விழா. நீங்க மேடைல ஒக்காரணும்" என்றார் இராமலிங்கம்.

"நான் எதுக்குய்யா? நான் என்னாத்த எழுதினேன்?"

"நீங்க எழுதல. நீங்கதான் உந்துதல்."

"ஒங்களப் பாத்துதான் எழுதினாராம்ப்பா" என்றாள் த்ரிசலா. அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "போங்கப்பா. நான் ஸ்கூல் முடிச்சிட்டு நாலு மணிக்கு வந்துடறேன்."

நைனாருக்குச் சந்தேகம் தீரவில்லை. "என்னா கதை அது?"

"ஒரு விவசாயி கதை."

"கடன்ல சாவறானா?"

"சே, சே. சாப்பிடறான்."

"சாப்பிடறானா? அப்ப சரி" என்று நைனார் ஒத்துக்கொண்டார். வயலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் விவசாயியைத் தூக்கிலேயே தொங்கவிடுகிறபோது, ஒருத்தனாவது சோறு போடுகிறானே என்று நினைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். வாசலில் பெரிய பேனர். இடது பக்கம் நைனார் படம், கழுத்துக்குக் கீழே மட்டும். வலது பக்கம் இராமலிங்கம் படம், கழுத்துக்கு மேலே மட்டும். கீழே கொட்டை எழுத்தில் 'உடல்: திரு. ஜம்புகுமார். மனம்: எழுத்தாளர் இராமலிங்கம்.' அஞ்சாவது வரைக்கும் படித்த நைனாருக்குக் கொட்டை எழுத்து தெரியும். செயலாளர் இளவரசனைக் கூப்பிட்டார்.

"தம்பி, பேனர்க்காரன் என் தலைய வெட்டிட்டான் பாரு."

"வெட்டல ஐயா. அது கருத்தாக்கம்."

மேடையில் இரண்டு நாற்காலி. 'மனம்' என்று எழுதி ஒட்டின நாற்காலிக்கு மெத்தை உண்டு, மைக் உண்டு, பக்கத்தில் தண்ணீர் பாட்டில் உண்டு. 'உடல்' என்று ஒட்டினது பிளாஸ்டிக் நாற்காலி.

"ஒடம்புக்குத்தானேப்பா தாகம் எடுக்கும். தண்ணிய அங்க வெச்சிருக்கற?"

"குறியீடுங்க ஐயா. வேணும்னா டீ குடுக்கச் சொல்றேன்" என்றார் இளவரசன். இரண்டு டீ வந்தது. நைனார் இரண்டையும் குடித்து முடிக்க, இளவரசன் தொடர்ந்தார். "ஒரே ஒரு விதி. உடல் பேசக் கூடாது."

"ஏன்?"

"பேசினா உடலுக்கும் மனம் இருக்குன்னு ஆயிடும். கருத்தரங்கே கெட்டுப்போயிடும்."

"ஏன், எனக்கு மனசு இல்லயா?"

"யாரு இல்லன்னா? இருக்கு. சாயங்காலம் வரைக்கும் அது அவர்கிட்ட இருக்கு" என்று இளவரசன் இராமலிங்கத்தைக் காட்டினார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். தலைவர் முனைவர் அருணகிரிக்குச் செயலாளர் சால்வை போட்டார். செயலாளருக்குத் தலைவர் சால்வை போட்டார். சால்வை குறைந்தபோது போட்டதை எடுத்துப் பின்பக்கமாகக் கொண்டுபோய் மடித்து முன்பக்கமாகக் கொண்டுவந்தார்கள். ஒரே சால்வை நான்கு பேரைக் கௌரவித்ததை நைனார் தன் கண்ணால் பார்த்தார். சரி, எவன் வீட்டுத் துணியோ என்று இருந்துவிட்டார்.

பிறகு இளவரசன் மைக்கைப் பிடித்தார்.

"அவையோரே, கதைச் சுருக்கம் சொல்கிறேன். நாயகன் ஜினசேனன், சமண விவசாயி. இருட்டியபின் உண்ணாத குலம். மேலே, மருத்துவமனைக் கட்டிலில் மனைவி மூச்சுக்குத் தவிக்கிறாள். இவன் கீழே இறங்கிப்போய் உண்கிறான். அவள் இறக்கிறாள். இவ்வளவுதான் கதை. ஆனால் உண்டது யார்? இங்கேதான் நம் நடுவம் உள்ளே நுழைகிறது."

நைனார் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். மனம், கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. மூன்றரை ஆகப்போகிறது. நாலு மணிக்குத் த்ரிசலா வந்துவிடுவாள். இதை நிறுத்த முடியாது, அது பார்த்தாலே தெரிகிறது. வாசலில் போய் நின்று, தலைவலி என்று சொல்லி அவளை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். நைனார் எழுந்தார். உடனே இளவரசன் ஓடி வந்து ஒரு சால்வையைப் போட்டு, தோளை அழுத்தி உட்காரவைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி எழுந்தார். மறுபடி சால்வை, மறுபடி அழுத்தல், மறுபடி கைதட்டல். எழுந்தால் சால்வைக்குத்தான் எழுகிறான் என்பது அந்த ஊர் மேடைகளில் உள்ள வழக்கம். வேறு காரணத்துக்கு ஒருத்தன் எழுவான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அருணகிரி பேச வந்தார்.

"மனிதன் தோன்றிய நாள் முதல் மனம் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துவைக்க மதங்கள் முயன்றன, மருத்துவம் முயன்றது. பிரித்தே வைப்பது என்று துணிந்து முடிவெடுத்த ஒரே அமைப்பு நம் நடுவம்தான். என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என்னைப் பெற்ற தாய் இறந்த அன்று நான் விழுப்புரத்தில் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன். துண்டுச் சீட்டில் தகவல் வந்தது. படித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் உடல் மேடையில் இருந்தது. மனம் எங்கே இருந்தது என்று பலர் கேட்டார்கள். மறைக்க விரும்பவில்லை. அதுவும் மேடையில்தான் இருந்தது. கட்டுரையில் பாதி பாக்கி இருந்தது. நிறுத்தாமல் வாசித்து முடித்தேன். கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று. அதன் பிறகுதான் அழுகை வந்தது. எந்த அழுகை என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அதுதான் ஆய்வு நெறி."

சபை உருகிப்போயிற்று. முன் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நைனாருக்கு அந்தப் பெற்றவளை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. யார் கொள்ளி வைத்தார்களோ.

அடுத்தது ஆய்வாளர் கவிநிலா. சின்ன வயசுப் பெண், பெரிய கண்ணாடி. மனமும் உடலும் பிரிகிற நானூறு கதைகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறாளாம்.

"நம் கதைகளில் மனம் உடலை விட்டு வெளியேற நான்கு வழிகள் உள்ளன. பெரும்பாலும் ஜன்னல் வழியாகவே போகிறது. கூரை வழியாகப் போவது அண்மைக்காலத்தில் கம்மியாகிவிட்டது, கான்கிரீட் வீடுகள் வந்தது காரணமாக இருக்கலாம். பெண்களின் மனம் சமையலறையில் பால் பொங்கும்போது போகிறது. ஆண்களின் மனம் பேருந்து நிலையத்தில் போகிறது. திரும்பி வருவதைப் பற்றி எழுத்தாளர்கள் யாரும் எழுதுவதில்லை. போன மனம் என்ன ஆகிறது என்பது மேலும் ஆய்வுக்குரியது."

இதற்குள் குடித்த இரண்டு டீயும் தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. வயசானவர்களுக்கு அது சொல்லிவிட்டு வருகிற விஷயம் இல்லை. பேசக் கூடாது என்று விதி, எழுந்தால் சால்வை. நைனார் பள்ளிக்கூடத்தில் செய்ததுபோலச் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கள்" என்றாள் கவிநிலா. "மனம் அறியாமலேயே உடல் ஒரு சைகை செய்கிறது. சிறுவிரல். சிறுமையின் குறியீடு."

செல்போனில் எல்லாரும் படம் எடுத்தார்கள். நைனார் விரலை ஆட்டினார். கைதட்டல் ஜாஸ்தியாயிற்று. அதற்கு மேல் தாங்காது என்று ஆனபோது, சால்வையோடு வந்த இளவரசனை ஒதுக்கித் தள்ளிவிட்டு, மேடையின் பக்கவாட்டில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். உடல் மேடையை விட்டு இறங்கினால் அமர்வு முடிந்ததாக அர்த்தம் என்று பின்னால் யாரோ கவலைப்பட்டார்கள். அது தற்காலிகப் பிரிவு என்று அருணகிரி தீர்ப்புச் சொல்லி, கவிநிலாவைத் தொடரச் சொன்னார்.

கக்கூஸ் கதவைத் திறந்தால் உள்ளே கால் வைக்க இடம் இல்லை. நடுவம் போட்ட ஆண்டு மலர்கள் விற்காமல் தரையிலிருந்து தண்ணித்தொட்டி வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். உடம்பைப் பற்றி ஆராய்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று நைனாருக்குப் புரியவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், சுவர் ஓரமாக ஒதுங்கினார்.

வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினால் இராமலிங்கம் நின்றார்.

"நைனாரே, கோவமா?"

"ஏன்யா இப்டிப் பண்ண?"

"ஒங்க பேரே கதைல வராது. ஜினசேனன்னு மாத்திட்டேன்."

"அப்றம் வாசல்ல என் பேரு எதுக்கு தொங்குது?"

"அது நடுவத்தோட முடிவு. அதுல எழுத்தாளன் தலையிட முடியாது." இராமலிங்கம் நெருங்கி வந்தார். "நான் ஒங்களக் காப்பாத்திதான் எழுதியிருக்கேன். கதைல நீங்க துன்னல. ஒடம்புதான் துன்னுது. மனசு மேல அந்தம்மா கையப் புடிச்சிகினு நிக்குது. படிச்சா ஒங்களுக்கே ஆறுதலா இருக்கும்."

"என் வலிய நான் ஒன்கிட்டதானே சொன்னேன்? ஆறுதல் பண்ணணும்னா அந்த பெஞ்சிலயே பண்ணியிருக்கலாமே. ஊரக் கூட்டி எதுக்குய்யா பண்ற?"

"இலக்கியம்னா நாலு பேருக்குப் போய்ச் சேரணும் நைனாரே." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்றம், இட்லின்னு இருந்தத மட்டும் மாத்த வேண்டியதாப் போச்சு" என்றார்.

"என்னான்னு?"

"கோழி பிரியாணி."

நைனார் பரம்பரையில் முட்டையைக்கூடக் கையால் தொட்டவர் கிடையாது.

"இட்லி எடுபடாதுன்னு நடுவர் குழு சொல்லிடுச்சு. முரண் பத்தலயாம். கோழின்னா சட்டுனு மனசு வேற ஒடம்பு வேறன்னு தெரியுதாம்."

"கோழி துன்னவன்னு என்ன ஊரு முழுக்கச் சொல்லிட்ட."

"ஒங்கள இல்ல, ஜினசேனன."

அதற்கு மேல் பேசினால் கை நீண்டுவிடும் என்று தெரிந்தது. வாசலுக்கு ஓட வேண்டும் என்ற ஞாபகமும் அப்போதுதான் வந்தது. சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். வாசலில் த்ரிசலாவின் ஸ்கூட்டி நின்றுகொண்டிருந்தது.

உள்ளே முன் வரிசையில் அவளை உட்காரவைத்திருந்தார்கள். 'உடலின் வாரிசு' என்று அறிவித்துச் சால்வையும் போட்டாகிவிட்டது. அவள் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மேடையில் கவிநிலா கதையிலிருந்து ஒரு பகுதியைக் குரல் நடுங்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் உண்ணவில்லை. அவனது கை உண்டது. அவனது பல் உண்டது. கோழியின் தொடை எலும்பு அவனைக் கேட்டது, நீ எங்கே இருக்கிறாய்? அவன் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே, பொழுது சாய்ந்தபின் உண்ணாத குலத்தில் வந்த அவள், கடைசி மூச்சுக்குத் தவித்தாள். அவள் கையை அவன் மனம் பற்றியிருந்தது. கீழே, அவன் கை எலும்பைப் பற்றியிருந்தது."

த்ரிசலாவின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று நைனார் பார்த்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பதை அவளும் திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள்.

"அப்பா, இது யார் கதை?"

சபை திரும்பிற்று. நைனார் நடந்து அவள் பக்கத்தில் வந்தார்.

"உடல் பேச விதி இல்லை" என்று இளவரசன் மைக்கில் ஞாபகப்படுத்தினார்.

"கோழி இல்லம்மா" என்றார் நைனார். "அது இவன் சேத்தது. நான் துன்னது இட்லி."

"அப்ப மத்தது?"

"மத்தது நெசம்."

"நீங்க பக்கத்துல இல்லயா?"

நைனார் வாயைத் திறக்கும் முன்னே மேடையிலிருந்து அருணகிரி குரல் வந்தது. "இருந்தார் மகளே. மனத்தால் இருந்தார். இறங்கிப்போனது வெறும் உடல். ஐயா, ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். நான் உண்ணவில்லை, என் உடல்தான் உண்டது. உங்களுக்காக இன்றைக்கு விதியைத் தளர்த்துகிறோம்."

ஒருவர் மைக்கைக் கொண்டுவந்து நைனார் வாய்க்கு நேரே பிடித்தார். சபை கைதட்டத் தயாராகக் கையை அகட்டி வைத்துக்கொண்டது.

"சொல்லுங்கப்பா" என்றாள் த்ரிசலா. சன்னமான குரல். "அப்டித்தான்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

நைனார் அவளைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். சபைக்கும் நல்லது, இராமலிங்கத்துக்கும் நல்லது. ஒருத்தருக்கும் நஷ்டம் இல்லை.

"இல்லம்மா" என்றார். "மனசு ஒண்ணும் மேல நிக்கல. ரெண்டும் கீழதான் இருந்துச்சு. பசிச்சுது, துன்னேன். சட்னி நல்லா இருக்குதுன்னு நெனச்சேன். நெனச்சது மனசுதானே? இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு வண்டிக்காரன்கிட்ட கேட்டு வாங்கினேன். அந்த நேரத்துல ஒங்கம்மா ஞாபகமே எனக்கு இல்ல. அதான்மா என்னால தாங்க முடியல. ஒடம்பு மட்டும் துன்னுச்சுன்னா இந்த மூணு வருஷமா நான் எதுக்குத் தூங்காம கெடக்கறேன்? ஒடம்புக்கு என்னா, அது தூங்கியிருக்கும்."

அருணகிரி எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார்.

"அற்புதம். கேட்டீர்களா? மனம் போன துயரத்தை மறைக்க, உடலே மனத்தைப் போல நடிக்கிறது. எவ்வளவு நுட்பமான பொய். நம் கோட்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டாம்."

"இது ஐந்தாவது வழி" என்றாள் கவிநிலா, அவசரமாகப் பேனாவைத் தேடிக்கொண்டே.

இளவரசன் சால்வையோடு வந்தார். அதற்குள் த்ரிசலா தன் தோளில் கிடந்ததை எடுத்து நாற்காலி மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நைனார் பின்னாலேயே போனார். அவள் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்திருந்தாள், சாவியைப் போடவில்லை.

"மூணு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தேன்" என்றாள் எதிர்த்த சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒங்க கைலதான் அம்மா போச்சுன்னு. பெரியம்மாகிட்ட, ஸ்கூல்ல, எல்லார்கிட்டயும்."

"தெரியும்மா."

"அந்தாள்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்லத் தெரியல."

நைனார் வண்டியின் பின் சீட்டில் கையை வைத்தார்.

"அப்ப அம்மாகூட யாருதான் இருந்தாங்க?"

"யாரும் இல்லம்மா."

அவள் சாவியைப் போட்டாள். வண்டி கிளம்பித் தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் நைனார் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஏறச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வீட்டுப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இராமலிங்கம், கழுத்தில் மாலையோடும் கையில் கேடயத்தோடும் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"நில்லுங்க நைனாரே. எல்லாம் ரெண்டு நாள்ல சரியாப் போயிடும். த்ரிசலா படிச்ச பொண்ணு, கதைய முழுசாப் படிச்சா புரிஞ்சிக்கும். திங்கக்கிழம காலைல நடக்க வருவீங்க இல்ல?"

நைனார் நடந்துகொண்டே இருந்தார்.

"கோவம் ஒங்க ஒடம்புக்குத்தான்" என்றார் இராமலிங்கம் விடாமல். "எனக்குத் தெரியாதா? ஒங்க மனசு என்ன விட்டு எங்கயும் போவாது."

நைனார் நின்று திரும்பினார். மாலையைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார், கடைசியில் ஆளைப் பார்த்தார்.

"போறேன், நல்லா பாத்துக்கோ" என்றார். "முழுசா போறேன்."

கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரில் இளவரசன் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். உடல் விடைபெற்றுச் சென்றாலும் அதன் மனம் என்றென்றும் நடுவத்தோடு தங்கியிருக்கும் என்றார். கைதட்டல் தெருவரைக்கும் கேட்டது. நைனார் அதில் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.